நெல்வயல் வாயு ஆய்வுகள்: கோயம்புத்தூரில் தொடங்கிய ஓர் அளவீட்டின் வரலாறு

நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் மீத்தேன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் உருவாகின்றன. இவற்றை முதன்முதலில் முறையாகப் பகுத்தாய்ந்த ஆய்வுகளில் ஒன்று கோயம்புத்தூரில் நடந்தது. சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913 முதல் வெளியிட்ட ஆய்வறிக்கைகள், நெல்வயல் மீத்தேன் பற்றிய அறிவியல் இலக்கியத்தின் தொடக்கமாக இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

சேற்றில் என்ன வாயு இருக்கிறது என்பதை அவர்கள் கண்டறிந்தனர். அது எவ்வளவு வேகத்தில் காற்றில் கலக்கிறது என்ற கேள்வி எழ மேலும் அரை நூற்றாண்டு ஆனது. அந்த வேகத்தை இந்திய வயல்களில் அளக்காமலேயே கணக்கிட்டபோது, இந்திய உழவர்கள் மீது சுமார் ஒன்பது மடங்கு மிகையான பழி விழுந்தது. வாயு வெளியிடும் வினையின் வேகத்தை அளப்பது எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இந்த வரலாறு ஒரு சான்று.

கொங்கு நாட்டு நன்செய்யும் வேளாண்மைக் கல்லூரியும்

கொங்கு நாடு பொதுவாகப் புன்செய் நிலமாகவே அறியப்படுகிறது. ஆயினும் ஆற்றுப்பாசனம் உள்ள இடங்களில் அங்கு நெல் நெடுங்காலமாக விளைந்து வருகிறது. பவானி ஆற்றில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், ஈரோட்டுப் பகுதியின் காலிங்கராயன் வாய்க்கால், அமராவதிப் பாசனம், நொய்யலின் வாய்க்கால்களால் நிரம்பும் கோயம்புத்தூர்க் குளங்கள் ஆகியவை இதற்கு ஆதாரங்கள். நடவுக்கு முன் கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு போன்றவற்றைப் பசுந்தாள் உரமாகச் சேற்றில் மடக்கி உழுவதும், மரத்தழைகளை வெட்டிவந்து வயலில் போட்டு மிதிப்பதும் நன்செய் உழவர்களின் பழைய வழக்கம்.

சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கப்பட்ட வேளாண் பள்ளி பின்னர் கல்லூரியாகி, 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. இதுவே 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. கல்லூரியைச் சுற்றி நன்செய், புன்செய், தோட்டக்கால் என மூவகை நிலங்களும் இருந்தன. நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-ல் இங்கு அமைந்தது. மாகாணத்தின் வேளாண் வேதியியல் ஆய்வகமும் இதே வளாகத்தில் இயங்கியது. நெல்வயலும் ஆய்வகமும் அருகருகே இருந்த இச்சூழலில்தான் ஹாரிசனும் சுப்பிரமணிய ஐயரும் தம் கேள்வியை எழுப்பினர்.

அவர்களது கேள்வி உழவு சார்ந்தது. பெரும்பாலான பயிர்கள் வேரில் நீர் தேங்கினால் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும். நெல் மட்டும் மாதக்கணக்கில் நீரில் நின்று செழிக்கிறது. அதன் வேருக்கு ஆக்சிஜன் எங்கிருந்து கிடைக்கிறது? அழுகும் தழையைச் சேற்றில் போட்டால் பயிர் கெடாமல், மாறாக வளம் பெறுவது ஏன்?

1913 முதல் 1920 வரையிலான ஆய்வுகள்

ஆய்வின் முதல் பகுதி, இந்திய வேளாண்மைத் துறையின் வேதியியல் ஆய்வேட்டு வரிசையில் 1913-ல் வெளிவந்தது. சேற்றிலிருந்து பெறப்பட்ட வாயுவில் மீத்தேனும் நைட்ரஜனும் முதன்மையாக இருந்தன. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் குறைந்த அளவில் காணப்பட்டன. பயிர் இல்லாத சேற்றில் மீத்தேனின் பங்கு மிகுந்திருந்தது. பயிர் நின்ற சேற்றில் மீத்தேனும் ஹைட்ரஜனும் குறைந்து, நைட்ரஜனின் பங்கு கூடியிருந்தது. பயிர் இருப்பதே சேற்றுக்குள் நடக்கும் வேதிவினையை மாற்றுகிறது என்பது இதனால் புலப்பட்டது.

அக்காலத்தில் வாயுக்கலவையைப் பகுப்பது பொறுமையைக் கோரும் வேலை. அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து, ஒவ்வொரு கூறாக நீக்கிக் கன அளவு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது பொதுவான முறை. பொட்டாஷ் கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். காரம் கலந்த பைரோகலால் கரைசல் ஆக்சிஜனை உறிஞ்சும். மீத்தேனையும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனுடன் சேர்த்து எரித்து, கன அளவின் குறைவையும் புதிதாக உண்டான கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு கணக்கிடுவார்கள். எஞ்சுவது நைட்ரஜன்.

இரண்டாம் பகுதி 1914-ல் வெளிவந்தது. சேற்றின் மேற்பரப்பில் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று படிவதை அது விவரித்தது. கீழிருந்து எழும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் இப்படலத்தின் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அதில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி எடுத்துக்கொண்டு வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த ஆக்சிஜன் நீரில் கரைந்து வேரைச் சென்றடைகிறது. பசுந்தாள் உரம் இட்டால் சேற்றில் வாயு உற்பத்தி பெருகும். அதனால் படலத்தின் செயலும் பெருகி வேருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் கூடும் என்று அவர்கள் விளக்கினர்.

சேற்றின் நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதை 1916-ல் வந்த பகுதி ஆராய்ந்தது. அக்காலத்தில் ஹாரிசன் பீகாரின் பூசா நிறுவனத்திற்கு இம்பீரியல் வேளாண் வேதியியலாளராகச் சென்றார். நெல் மண்ணில் வாழும் மீத்தேன் உண்ணும் பாக்டீரியா பற்றிய 1920-ஆம் ஆண்டுக் கட்டுரை சுப்பிரமணிய ஐயரின் பெயரில் தனியாக வெளிவந்தது.

நெல்லின் தாளிலும் வேரிலும் காற்றறைத் திசு உள்ளது என்பதும், இலைவழியே புகும் காற்று அதன் மூலம் வேர்வரை இறங்குகிறது என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. ஆகவே வேருக்கு ஆக்சிஜன் தருவது மேற்பரப்புப் படலமே என்ற கோவை விளக்கம் முழுமையானதல்ல. ஆனால் சேற்றில் மீத்தேன் உருவாகிறது, அதில் ஒரு பகுதி மேலே வரும் வழியிலேயே உயிரிகளால் உண்ணப்படுகிறது என்ற இரு முடிவுகளும் இன்றும் நிலைத்திருக்கின்றன.

குடுவையில் வினைவேகத்தை அளத்தல்

இதுவரை கண்டது வாயுவின் கலவை. வேகம் என்பது வேறு அளவு. ஒரு வினை குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு விளைபொருளைத் தருகிறது என்பதே அதன் வினைவேகம். வேதிவினையின் வேகத்தைக் கணிதமாக எழுதும் வழக்கம், கரும்புச் சர்க்கரை அமிலத்தில் சிதைவதை ஜெர்மானியரான வில்ஹெல்மி 1850-ல் ஆராய்ந்ததிலிருந்து தொடங்குகிறது.

வாயு தரும் வினையைப் பள்ளி ஆய்வகத்திலேயே அளக்கலாம். சுண்ணாம்புக்கல் துண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை வாயு ஊசிக்குழலில் சேர்த்து, அரை நிமிடத்திற்கு ஒருமுறை கன அளவைக் குறிக்க வேண்டும். நேரத்தைக் கிடை அச்சிலும் கன அளவைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக ஏறும்; அமிலம் தீரத் தீரச் சாயும்; முடிவில் கிடையாகிவிடும். எந்த நேரத்திலும் அக்கோட்டின் சாய்வே அந்த நேரத்தின் வினைவேகம்.

இந்த எளிய சோதனையிலும் பிழைகள் நுழையும். வாயுவை நீருக்கு மேல் சேகரித்தால் கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி நீரில் கரைந்து அளவு குறைந்து தெரியும். 30 டிகிரி செல்சியஸில் நீருக்கு மேல் சேகரித்த வாயுவில் ஏறத்தாழ 4 சதவீதம் நீராவியாக இருக்கும். வெப்பநிலை மாறினால் கன அளவும் மாறும், வினைவேகமும் மாறும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு கசியும்.

வயலில் அளப்பது ஏன் கடினம்

நெல்வயல் மூடியில்லாத குடுவை. வினை நடப்பது சேற்றுக்குள். நீர் தேங்கியதும் மண்ணில் உள்ள ஆக்சிஜன் சில நாட்களில் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் முறையே நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள், சல்பேட் ஆகியவற்றைப் பயன்படுத்தி அங்ககப் பொருளைச் சிதைக்கின்றன. இவையும் தீர்ந்த பின்பே மீத்தேன் உற்பத்தி முழு வேகம் பெறும். சில நுண்ணுயிர்கள் அசிட்டிக் அமிலத்தை மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிளக்கின்றன. வேறு சில, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்குகின்றன.

உண்டான மீத்தேன் மூன்று வழிகளில் வெளியேறும். குமிழியாக எழலாம், நீரில் கரைந்து மெல்லப் பரவலாம், நெல்லின் காற்றறைத் திசு வழியே மேலே செல்லலாம். பயிர் முதிர்ந்த வயலில் மூன்றாவது வழியே முதன்மையானது. வேருக்கு ஆக்சிஜன் இறங்கும் அதே பாதையில் மீத்தேன் ஏறுகிறது. இடையில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் உண்டுவிடுகின்றன.

எனவே இங்கு ஒன்றல்ல, மூன்று வேகங்கள் உள்ளன: சேற்றில் மீத்தேன் உண்டாகும் வேகம், வழியில் அது உண்ணப்படும் வேகம், எஞ்சியது காற்றில் கலக்கும் வேகம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்தான் மூன்றாவது கிடைக்கும். சேற்றை மட்டும் எடுத்து ஆய்வகக் குடுவையில் வைத்து அளப்பவர் முதல் வேகத்தையே அறிகிறார்.

உலகின் கவனம் மீத்தேன் மீது திரும்புதல்

கோவை ஆய்வுகள் வெளியானபோது வளிமண்டலத்தில் மீத்தேன் இருப்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சூரிய ஒளியின் அகச்சிவப்பு நிறமாலையைக் கொண்டு பெல்ஜிய அறிவியலாளர் மிகியோட் 1948-ல்தான் அதைக் கண்டறிந்தார். ஆகவே வயலிலிருந்து மீத்தேன் எவ்வளவு வெளியேறுகிறது என்று கேட்க ஹாரிசனுக்கும் சுப்பிரமணிய ஐயருக்கும் காரணம் இருக்கவில்லை.

அக்கேள்விக்கு ஜப்பானியரான கோயாமா 1963-ல் ஒரு விடை தந்தார். ஜப்பானிய நெல்மண்ணை ஆய்வகத்தில் நொதிக்கவைத்துப் பெற்ற வேகத்தை உலகின் நெல் பரப்புக்கு விரித்து, ஆண்டுக்கு 19 கோடி டன் என்று மதிப்பிட்டார். இது முன்னோடி முயற்சி. ஆனால் அளக்கப்பட்டது சேற்றின் உற்பத்தி வேகம். வழியில் உண்ணப்படும் பகுதி அதில் கழிக்கப்படவில்லை. இன்றைய உலக மீத்தேன் கணக்குகளில் எல்லா நெல்வயல்களின் பங்கும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் மட்டுமே.

1980-களின் தொடக்கத்தில் வளிமண்டல மீத்தேன் ஆண்டுதோறும் கூடிவருவது தெரியவந்தது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கக்கூடியது. நெல்வயல் உலக அரசியலுக்குள் வந்தது இப்படித்தான்.

மூடு பெட்டி முறை

வயலிலேயே வெளியேற்ற வேகத்தை அளந்த முதல் அறிக்கைகளில் ஒன்று, கலிபோர்னியாவில் சிசரோனும் ஷெட்டரும் செய்து 1981-ல் வெளியிட்டது. பின்னர் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஜெர்மானிய அறிவியலாளர்கள் அளந்தனர். இவற்றில் பயன்பட்ட மூடு பெட்டி முறை பள்ளி ஆய்வகத்தின் ஊசிக்குழல் சோதனையை ஒத்தது. அடி இல்லாத ஒளிபுகும் பெட்டியைப் பயிரின்மேல் கவிழ்த்து, விளிம்பை நீரில் அமிழ்த்திக் கசிவைத் தடுக்கிறார்கள். பத்து அல்லது பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலில் உறிஞ்சி, கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் மீத்தேன் அளவைக் காண்கிறார்கள். நேரத்திற்கு எதிராக வரைந்த கோட்டின் சாய்வு வேகத்தைத் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: பெட்டியின் உயரம் அரை மீட்டர். அரை மணி நேரத்தில் மீத்தேன் பத்து லட்சத்தில் 2 பங்கிலிருந்து 5 பங்காக உயர்கிறது. அதாவது மணிக்கு 6 பங்கு உயர்வு. 30 டிகிரி செல்சியஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மீத்தேன் என்பது ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 0.645 மில்லிகிராம். 6, 0.645, 0.5 ஆகியவற்றைப் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்குச் சுமார் 1.9 மில்லிகிராம் என்ற வெளியேற்ற வேகம் கிடைக்கிறது.

எப்போது அளக்கிறோம் என்பதும் முக்கியம். வெயிலில் சேறு சூடாகும்போது நுண்ணுயிர்களின் வேகம் கூடும். அதிகாலையில் எடுத்த அளவும் பிற்பகலில் எடுத்த அளவும் ஒன்றாக இரா. தழையுரம் இட்ட வயல், இடாத வயல், நடவு நாள், பூக்கும் பருவம், நீர் வடிந்த நாள் ஒவ்வொன்றிலும் வேகம் மாறும்.

1991: அளந்தவர்களும் அளக்கப்படாதவர்களும்

ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேனை வெளியிட்டன. இந்தியாவில் போதிய அளவீடுகள் இல்லாத நிலையில், ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் பெற்ற வேகங்களை இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கிப் பெற்ற எண் இது. இந்தியா ஒன்றுக்கு மட்டும் தரப்பட்ட இவ்வெண், உலகம் முழுவதற்குமான இன்றைய மதிப்பீட்டையே மிஞ்சுகிறது.

அப்போது புவி வெப்பமாதலுக்கு யார் பொறுப்பு என்ற விவாதம் சூடுபிடித்திருந்தது. 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தாகவிருந்த காலநிலை ஒப்பந்தத்துக்கான பேச்சுகள் நடந்துவந்தன. உணவுக்காக நெல் விளைவிக்கும் ஏழை உழவரின் மீத்தேனையும் செல்வ நாடுகளின் வாகனப் புகையையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்று அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் வெளியிட்ட நூலில் கேட்டனர். இது நீதி பற்றிய கேள்வி. அந்த எண்ணே சரிதானா என்பது வேதியியல் கேள்வி. அதற்கு வயலில் இறங்கி அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒருங்கிணைக்க, ஏ. பி. மித்ரா, டி. சி. பராசர் முதலானோரின் முயற்சியில் 1991-ல் நாடு தழுவிய மீத்தேன் அளவீட்டு இயக்கம் நடந்தது. பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பல மாநில வயல்களில் மூடு பெட்டிகளை வைத்தனர். கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். முந்தைய எண்ணில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. 1994-ஆம் ஆண்டுக்கென இந்தியா ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த பசுங்குடில் வாயுக் கணக்கிலும் நெல்லின் பங்கு 40 லட்சத்து 90 ஆயிரம் டன் என்றே இடம்பெற்றது.

வேறுபாட்டுக்குக் காரணங்கள் உண்டு. இத்தாலிய வயல்கள் பருவம் முழுதும் நீர் நின்றவை. அன்றைய இந்திய நெல் பரப்பில் பெரும்பகுதி மானாவாரி. பாசன வயல்களிலும் நீர் இடையிடையே வற்றுகிறது. இந்திய மண்ணில் அங்ககக் கார்பன் பொதுவாகக் குறைவு. நுண்ணுயிர்க்கு உணவு குறைந்தால் மீத்தேனும் குறையும்.

சிறு பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 1 மில்லிகிராம் என்ற வேகம், 100 நாள் பயிரில் ஒரு ஹெக்டேருக்கு 24 கிலோகிராம் ஆகும். இந்தியாவின் அன்றைய நெல் பரப்பான சுமார் 4.2 கோடி ஹெக்டேரால் அதைப் பெருக்கினால் 10 லட்சம் டன். பெட்டிக்குள் ஒரு மில்லிகிராம் தவறினால் நாட்டின் கணக்கில் பத்து லட்சம் டன் தவறும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

வேகம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று தெரிந்ததும் அதைக் குறைக்கும் வழியும் தெரிந்தது. வயலை இடையே காயவிட்டால் மண்ணுக்குள் ஆக்சிஜன் புகுந்து, நீர் தேங்கியபோது உருமாறிய இரும்பை மீண்டும் ஆக்சைடாக்கும். மறுபடி நீர் பாய்ச்சினாலும், நுண்ணுயிர்கள் முதலில் அந்த இரும்பு ஆக்சைடைத் தீர்த்தாக வேண்டும். அதுவரை மீத்தேன் உற்பத்தி தள்ளிப்போகும். தமிழக உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று அழைக்கும் நீர்மேலாண்மை இதுவே. நீரைச் சிக்கனப்படுத்தும் முறையாக அறியப்பட்ட இது மீத்தேனையும் கணிசமாகக் குறைப்பதை வயல் அளவீடுகள் காட்டின. திருந்திய நெல் சாகுபடியிலும் இது முக்கியக் கூறு.

இதிலும் அளவறிந்து நடக்க வேண்டும். மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற மற்றொரு பசுங்குடில் வாயு கூடலாம். தழையுரத்தை நடவுக்குச் சற்று முன் மடக்கி உழுது உடனே நீர் தேக்கினால் மீத்தேன் பெருகும். ஆகவே தழைச்சத்து இடும் அளவையும் நீர் வடிக்கும் நாளையும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது.

முக்கியத்துவம்

ஹாரிசன், சுப்பிரமணிய ஐயர் ஆய்வுகள் மூன்று வகையில் நிலைத்திருக்கின்றன. நெல்வயல் சேற்றின் மீத்தேனை அவை பதிவு செய்தன. பசுந்தாள் உரத்துக்கும் வாயு உற்பத்திக்கும் உள்ள தொடர்பைக் காட்டின. மீத்தேன் வெளியேறும் முன்பே உண்ணப்படுவதை எடுத்துரைத்தன. இந்த மூன்றாவது உண்மையைக் கணக்கில் கொள்ளாத 1963-ஆம் ஆண்டு மதிப்பீடு பெரிதும் மிகையானது.

மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் ஊசிக்குழலின் அளவை அரை நிமிடத்திற்கு ஒருமுறை குறிப்பதும், ஆய்வாளர் ஒருவர் முழங்கால் சேற்றில் நின்று பெட்டிக் காற்றை உறிஞ்சுவதும் அடிப்படையில் ஒரே செயல். வேறொரு வயலின் வேகத்தை நம் வயலின் வேகமாகக் கொள்ள முடியாது என்பதை 1991-ஆம் ஆண்டின் அளவீடுகள் நிறுவின. வயலில் உருவாகும் வாயுவை அந்த வயலிலேயே ஆராய வேண்டும் என்ற அந்த வழிமுறை, 1913-ல் கோயம்புத்தூரின் நன்செய்யில் பின்பற்றப்பட்டதுதான்.